தீராத வழக்கும் தீர்த்துவைத்த திரைப்படமும்

1923ஆம் ஆண்டு சியோலில் நடந்த வெடிகுண்டு வழக்கில், ஹ்வாங் ஓக் என்ற கொரியக் காவல் அதிகாரி அளித்த வாக்குமூலம் இன்றும் அறிஞரிடையே விவாதத்திற்குரியது. ஜப்பானியக் காலனிய அரசின் காவல்துறையில் இருந்துகொண்டே, 1919இல் மஞ்சூரியாவில் தோன்றிய உய்யோல்தான் என்ற ஆயுதக் குழு சீனாவிலிருந்து குண்டுகளைக் கடத்திவர அவர் உடனிருந்தார். பிடிபட்டபின், அக்குழுவைச் சிக்கவைக்கவே அப்படி நடித்ததாகவும், செய்தது அனைத்தும் காவல் பணியே என்றும் வாதிட்டார். பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் போராளியா, ஒற்றரா என்பதற்கு ஐயமற்ற விடை இல்லை. இந்நிகழ்வைத் தழுவி கிம் ஜீ-வூன் 2016இல் இயக்கிய படம் ‘தி ஏஜ் ஆஃப் ஷேடோஸ்’. அதன் கொரியத் தலைப்பான ‘மில்ஜோங்’ ஒற்றனைக் குறிக்கும் சொல். அந்த ஐயத்தைக் கட்டிக்காக்கும் வரை படம் உயர்ந்து நிற்கிறது. ஐயத்தைத் தீர்க்கத் துணியும் இடத்தில் சரிகிறது என்பதே என் வாதம்.

உயர்ந்து நிற்பதற்குச் சான்று நடுப்பகுதியின் நீண்ட ரயில் பயணம். குண்டுகளும் போராளிகளும் தேடிவரும் காவலரும் ஒரே வண்டியில். சாங் காங்-ஹோ ஏற்றுள்ள லீ ஜோங்-சூல், முன்னர் விடுதலை இயக்கத்தாருக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்து பின் காவல்துறைக்கு விலைபோனவன். எனவே அவன் யார் பக்கம் என்பது அவனுக்கே தெளிவில்லை. உடன்வரும் காவல் அதிகாரி ஹஷிமோட்டோவிடம் ஒரு முகமும், போராளித் தலைவன் கிம் ஊ-ஜினிடம் இன்னொரு முகமும் காட்டிக்கொண்டு அவன் பெட்டி பெட்டியாக நடக்கிறான். ஒளிந்துகொள்ள இடமற்ற அந்த நெருக்கத்தில், ஒரு பார்வை அரை நொடி தாமதித்தாலும் உயிர் போகும். துப்பாக்கி வெடிப்பது பிறகுதான். அதற்கு முன்பே நமக்கு மூச்சு முட்டிவிடுகிறது. காலனிய ஆட்சியில் இரண்டு எசமானர்களுக்கு நடுவே வாழ்ந்தவனின் அச்சத்தை இவ்வளவு அருகில் காட்ட ஆவணங்களால் இயலாது. சண்டைப் படத்தின் இலக்கணம் இங்கே வரலாற்றுக்கு உண்மையாகவே தொண்டு செய்கிறது.

சரிவு நீதிமன்றக் காட்சியில் தொடங்குகிறது. ஹ்வாங் ஓக்கைப் போலவே லீயும், நான் அக்குழுவில் சேரவில்லை, கடமையைத்தான் செய்தேன் என்று கதறுகிறான். ஆனால் அது விடுதலை பெற்று எஞ்சிய குண்டுகளை வெடிக்கச் செய்வதற்கான நாடகம் என்று படம் பிறகு விளக்கிவிடுகிறது. வரலாற்றில் எந்த வாக்கியம் புதிராக நிற்கிறதோ, அதே வாக்கியம் திரையில் தந்திரமாகச் சுருங்குகிறது. தொடர்ந்து ராவெலின் ‘பொலேரோ’ இசை மெல்ல ஏற, ஜப்பானிய அதிகாரிகள் கூடிய மாளிகை வெடித்துச் சிதறுகிறது. அழகான காட்சிதான். ஆனால் அந்த அழகே, அவன் மனம் மாறியது எப்படி என்று கேட்கவிடாமல் நம்மை மயக்குகிறது. யோன் கே-சூன் என்ற பெண் போராளிக்கு நேர்வதும் இதன் தொடர்ச்சியே. அவளது அரசியலுக்குப் படத்தில் இடமில்லை. லீயின் மனத்தைத் திருப்பும் அளவுக்கே அவளது சித்திரவதை பயன்படுகிறது.

திரைப்படம் ஆவணக் காப்பகமன்று, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தம் வெற்றியைக் கற்பனை செய்யும் உரிமை உண்டு என்று மறுக்கலாம். அவ்வுரிமையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். பெயர்களை மாற்றியதன் மூலம் இயக்குநர் அதை முறையாகவே எடுத்துக்கொண்டார். என் குறை கற்பனையின் மேல் இல்லை. படம் தானே எழுப்பிய கேள்வியைக் கைவிடுவதன் மேல்தான். தலைப்பிலேயே ஒற்றனை நிறுத்தி, இரண்டு மணி நேரம் அவன் முகத்தைப் படிக்க நம்மைப் பழக்கிய படம், கடைசியில் படிக்க எதுவும் மிச்சமில்லாத ஒரு வீரனைத் தருகிறது. இறுதி வெடிப்பு இல்லாவிட்டால் பார்வையாளர் ஏமாந்திருப்பார்கள் என்பதும் வலுவான வாதமன்று. மெல்வில்லின் 1969ஆம் ஆண்டுப் படமான ‘ஆர்மி ஆஃப் ஷேடோஸ்’ அத்தகைய ஆறுதல் எதுவும் தராமலே பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தின் கதையைச் சொல்லி முடித்தது.

1923இல் சியோலுக்கு வந்துசேர்ந்த அந்தக் குண்டுகள் வெடிக்கவில்லை. பயன்படுத்துவதற்கு முன்பே காவல்துறை அவற்றைக் கைப்பற்றிவிட்டது.