மன்னார் வளைகுடாப் பார்களும் கடல் வெப்பமும்

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றி வளர்ந்தவை மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள். மீனவர்கள் அவற்றைப் ‘பார்’ என்பார்கள். பெரும்பாலானவை இரண்டு பாகம் (ஃபேதம்) ஆழத்துக்குள் அடங்கிவிடும். இவ்வளவு ஆழம் குறைந்த நீரில் இருப்பதால்தான் மனிதக் கைக்கும் வெயிலுக்கும் அவை எளிதில் எட்டின.

முதலில் எட்டியது கை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் முருகைக்கல் எனப்படும் பவளக் கல்லை உடைத்து எடுத்து, சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்கும் அனுப்பும் தொழில் இங்கே நடந்தது. 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவர்களில் அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம். பார் போனதும் அலையைத் தடுக்க எதுவும் இல்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. 1986-இல் தேசியப் பூங்காவும் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமும் வந்த பிறகும் கல்லெடுப்பு நிற்கவில்லை. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் சேர்ந்தன. 2004 சுனாமி பார்களின் அருமையைக் கரையோர ஊர்களுக்கு உணர்த்தியது. 2005 வாக்கில் தொழில் ஓய்ந்தது. சட்டம் தாமதமாகத்தான் வந்தது, ஆனாலும் பலித்தது.

வெப்பம் சட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. பவளத்துக்கு நிறத்தையும் உணவின் பெரும்பங்கையும் தருபவை அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலான வெப்பம் சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். உள்ளிருக்கும் வெள்ளை எலும்புக்கூடு தெரியத் தொடங்கும். இதுவே வெளிறல். வெளிறிய பவளம் உடனே சாவதில்லை. நீர் குளிர்ந்தால் பாசிகள் திரும்பும், குளிராவிட்டால் பட்டினி. மன்னார் வளைகுடாவில் இந்த ஆபத்துக் காலம் சித்திரையும் வைகாசியும். வாடைக்காற்று அடங்கி, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுப்பதற்கு முன் கடல் அசைவற்றுக் கிடக்கும் அந்த வாரங்களில் நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. கச்சான் பிந்தினால் பார்களுக்குக் கேடு.

பதிவான முதல் பெரிய வெளிறல் 1998-இல், கடுமையான எல் நினோவை ஒட்டி வந்தது. அடுத்தது 2010. மூன்றாவது 2016: அந்த ஆண்டு மார்ச்சில் சுமார் 39 விழுக்காடாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு அக்டோபருக்குள் சுமார் 23 விழுக்காட்டுக்கு இறங்கியதைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்தது. அக்ரோபோரா, மாண்டிபோரா, போசிலோபோரா ஆகியவையே அதிகம் செத்தன. உருண்டையாக மெல்ல வளரும் போரைட்டஸ் பெரும்பாலும் தப்பியது. 2020 மே மாதக் கடல் வெப்ப அலையில் 85 விழுக்காடு பவளங்கள் வெளிறின. இந்த ஆண்டுகளின் இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும்: பன்னிரண்டு, ஆறு, நான்கு. கல்லெடுப்பு அடித்தளத்தையே பெயர்த்துவிடும். வெப்பம் எலும்புக்கூட்டை விட்டுவைப்பதால் அதன்மேல் புதிய பவளம் ஒட்டி வளர இடமுண்டு. அதற்குக் காலம்தான் வேண்டும். அந்தக் காலம்தான் குறைகிறது.

கடல் வெப்ப அலை என்பதற்கு 2016-இல் ஒரு வரையறை பரவலாயிற்று: அந்த இடத்தில் அந்தப் பருவத்துக்குரிய வெப்ப அளவுகளில் உச்சப் பத்து விழுக்காட்டுக்குள் வரும் சூடு ஐந்து நாளாவது தொடர வேண்டும். உறைகுளிர்க் கடலுக்கும் இது பொருந்தும். 2013 இறுதி முதல் 2016 வரை அலாஸ்கா வளைகுடாவை ஒரு பெரும் வெப்பத் திட்டு மூடியிருந்தது. சூடேறிய நீரில் காட் மீனுக்குப் பசி கூடியது, இரையோ குறைந்தது. மீன்வளம் சரிந்து, 2020-இல் அங்கே கூட்டாட்சி நீர்ப்பரப்பில் காட் மீன்பிடியை நிறுத்த நேர்ந்தது. லட்சக்கணக்கான கடற்பறவைகளும் பட்டினியால் மடிந்தன. அலாஸ்காவில் இரை வழியாகவும் பசி வழியாகவும் வந்த அழிவு, தாங்கும் எல்லையின் விளிம்பிலேயே வாழும் வெப்பமண்டலப் பவளத்துக்கு நேரடியாக வருகிறது.

இந்த அலைகளுக்கு அடியில் இருப்பது நீண்டகாலச் சூடேற்றம். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடேறியது. உலகக் கடல்களின் சராசரி 0.7 டிகிரிதான். மேற்கு இந்தியப் பெருங்கடலிலும் வங்காள விரிகுடாவின் வடபகுதியிலும் எழும் வெப்ப அலைகள் மத்திய இந்தியாவில் மழையைக் குறைத்து, தென் தீபகற்பத்தில் கூட்டுவதாகப் புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டார்கள். ஆகவே கடலோரம் இல்லாத ரிஷிவந்தியம் போன்ற உள்நாட்டு ஊர்களுக்கும் இது அயல் சேதியல்ல. பக்கத்துக் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் பருவமழையை நம்பி ஓடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடல் சேர்பவை.

வெளிறலை முன்கூட்டிச் சொல்லும் வேலையை 2011 முதல் ஹைதராபாத்தின் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு செய்துவருகிறது. அலையில் கரையும் வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டன. உடைந்த பவளத் துண்டுகளைச் சிமென்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் நடும் முயற்சி அதற்கும் முந்தையது. வேகமாக வளரும் கிளைப் பவளங்களே அதற்கு அதிகம் பயன்பட்டன. 2010-லும் 2016-லும் முதலில் செத்தவையும் அந்த இனங்களே.