கோழிக் கருவின் தசையில் தைராய்டு ஹார்மோன் ஏற்பிகள்

தைராய்டு ஹார்மோனைத் தசை உயிரணுவின் உட்கருவில் இருந்தபடி பற்றிக்கொண்டு, எந்த மரபணு இயங்க வேண்டும், எது ஓய வேண்டும் என்பதை மாற்றும் புரதங்கள். ஆல்ஃபா, பீட்டா என இரு வகை. பெரும்பாலும் ஆர்எக்ஸ்ஆர் என்ற மற்றோர் ஏற்பியுடன் ஜோடி சேர்ந்தே டிஎன்ஏவில் அமர்கின்றன. ஹார்மோன் வராதபோதும் இவை சும்மா இருப்பதில்லை. தம் பொறுப்பிலுள்ள மரபணுக்கள் பலவற்றை அடக்கி வைக்கின்றன. தைராய்டு ஹார்மோனின் செயல்வடிவமான டி3 வந்து ஒட்டியதும் அடக்கும் துணைப்புரதங்கள் கழன்று, தூண்டுபவை சேர்கின்றன.

இந்த ஏற்பியைக் காட்டிக்கொடுத்ததே ஒரு கோழி நோய்தான். கோழிக்கு ரத்தப் புற்று தரும் எரித்ரோபிளாஸ்டோசிஸ் வைரஸில் எர்ப்-ஏ என்ற மரபணு இருந்தது. அதன் இயல்பு வடிவம் தைராய்டு ஹார்மோன் ஏற்பியே என்று 1986இல் பியோர்ன் வென்ஸ்ட்ரோம் குழு கோழியிலும், ரொனால்டு எவன்ஸ் குழு மனிதரிலும் கண்டன. வைரஸ் கோழியிடமிருந்து களவாடி உருமாற்றிய பிரதி ஹார்மோனைப் பற்றாது. அடக்குவதை மட்டும் செய்யும்.

இனி இந்த ஏற்பி இயங்கும் கருத் தசைக்கு வருவோம். கொல்லிமலையிலுள்ள சோளக்காடு என்ற ஊரில் நாட்டுக்கோழியை அடைக்கு வைத்தாலும், கீழே நாமக்கல் பக்கத்துப் பொரிப்பகத்தில் முட்டையை அடுக்கினாலும் கணக்கு 21 நாள்தான். முதல் வாரத்தில் முதல்நிலைத் தசைநார்கள் தோன்றுகின்றன. அடுத்து அவற்றை ஒட்டி இரண்டாம்நிலை நார்கள். பொரிக்கும் நேரத்தில் நார்களின் எண்ணிக்கை ஏறக்குறைய முடிவாகிவிடும். பிறகு தீவனம் நாரைத் தடிக்க வைக்குமே தவிர, புதிய நாரை உண்டாக்காது. ஆகவே கறிக்கோழியின் மார்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓட்டுக்குள் நடப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆல்ஃபா ஏற்பி கருவின் தொடக்கத்திலேயே பல திசுக்களில் காணப்படுகிறது. பீட்டா சில திசுக்களில் மட்டும், பெரும்பாலும் பின்னரே கூடுகிறது. காடைக் கருவின் தசை முன்னோடி அணுக்களை வளர்த்துப் பார்த்ததில், டி3 அவற்றின் பெருக்கத்தை நிறுத்தி, ஒன்றோடொன்று இணைந்து நாராக மாறத் தூண்டியது. மார்புத் தசையில், சுருங்கும் புரதமான மயோசினின் கருக்கால வடிவம் விலகி, குஞ்சுப்பருவ மயோசினும் பின் வளர்ந்த கோழியின் விரைவு மயோசினும் வரும் மாற்றத்தையும் இந்த ஹார்மோன் விரைவுபடுத்துகிறது.

கடைசி நாள்களில்தான் டி3 சட்டென ஏறும். அதைச் சிதைக்கும் நொதி கல்லீரலில் குறைவதே முக்கியக் காரணம். அப்போது முட்டையைக் காதருகே பிடித்தால் உள்ளே தட்டும் ஓசை கேட்கும். பிடரியில் புடைத்திருக்கும் 'பொரிப்புத் தசை' அலகை ஓட்டின்மேல் மோத வைக்கிறது. வேலை முடிந்ததும் அது சுருங்கிவிடும். தைராய்டை முடக்கும் மருந்து கொடுத்த கருக்களில் பொரிப்பு தாமதமாகிறது.

வெளியே வந்த குஞ்சுக்குக் குளிர் அடுத்த சோதனை. பறவைகளுக்குப் பழுப்புக் கொழுப்பு இல்லை. நடுங்கும் தசைதான் குஞ்சின் அடுப்பு. சோளக்காட்டின் மலைக்குளிரில் தாயின் சிறகடியில் குஞ்சுகள் ஒடுங்குவது, அந்த அடுப்பு இன்னும் முழுதாகப் பற்றாததால்.

தைராய்டு ஹார்மோன் ஏற்பி சரியாக இருந்தும் ஹார்மோன் குறையலாம் என்பதற்குப் பால்சார் குள்ளக் கோழி நல்ல சான்று. அதில் பழுது வளர்ச்சி ஹார்மோன் ஏற்பியில். அதன் விளைவாக டி3 வேகமாகச் சிதைந்து, ரத்தத்தில் குறைவாகவே நிற்கிறது.