கார் அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டரும் பொருத்துதல்

கார் அலாரம் என்பது, பூட்டிய வண்டியின் கதவையோ பானட்டையோ யாரேனும் திறந்தால் சைரன் ஒலித்து எச்சரிக்கும் மின்னணுக் கருவி. ரிமோட் ஸ்டார்ட்டர், சாவியைத் திருப்பாமல் தொலைவிலிருந்தே எஞ்சினைக் கிளப்புவது. ஆலையிலிருந்து இவை இல்லாமல் வந்த காரில் உரிமையாளரே பொருத்திக்கொள்வதுண்டு. அலாரம், பொறுமையும் மல்டிமீட்டரும் உள்ளவருக்குக் கைகூடும் வேலை. மேனுவல் கியர் காரில் ரிமோட் ஸ்டார்ட்டரோ உயிர்ப் பொறுப்புள்ள வேலை.

பின்னணி

கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிய காலத்தை, சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1912-ல் கேடிலாக் கார்களில் வந்த மின் ஸ்டார்ட்டர் முடித்துவைத்தது. தமிழ்நாட்டில் ஸ்டார்ட்டர் மோட்டார் தயாரிக்கும் லூகாஸ் டிவிஎஸ், 1961-ல் தொடங்கப்பட்டது. சென்னை வட்டாரத்தினர் உதிரிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டையையும், அலாரம் போன்ற துணைக்கருவிகளுக்கு ஜி.பி. ரோட்டையும் நாடுகின்றனர்.

குளிர்நாடுகளில் எஞ்சினைச் சூடாக்க ரிமோட் ஸ்டார்ட்டரை நாடுகிறார்கள். இங்கே கத்திரி வெயிலில் காய்ந்த காரை, ஏறும் முன்பே ஏசி போட்டுக் குளிர்விக்கவே அது விரும்பப்படுகிறது.

அமைப்பு

அலாரம் பெட்டிக்கு 12 வோல்ட் நேர் மின்சாரம், எர்த், இக்னிஷன், கதவு சுவிட்ச், பானட் சுவிட்ச், இன்டிகேட்டர், சென்ட்ரல் லாக், சைரன், அதிர்வு உணரி ஆகிய இணைப்புகள் வேண்டும். ரிமோட் ஸ்டார்ட்டர் சாவி செய்யும் வேலையை ரிலேக்களால் செய்கிறது: முதலில் இக்னிஷனுக்கு மின்சாரம் தருகிறது, பிறகு சில நொடி செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கிறது, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் செல்ஃபை விடுவிக்கிறது.

சாவியில் சிப் உள்ள கார்களில் இம்மொபிலைசர் அந்தச் சிப்பை உணராமல் எஞ்சினை ஓடவிடாது. ரிமோட் ஸ்டார்ட்டர் வேலை செய்வதற்காக மாற்றுச் சாவியின் சிப்பைக் காருக்குள்ளேயே மறைத்துவைப்பவர்கள், ஆலை தந்த திருட்டுத் தடுப்பையே பலவீனமாக்குகிறார்கள்.

பொருத்தும் முறை

முதலில் ஒவ்வொரு வயரையும் அந்தந்த மாடலின் வயரிங் வரைபடத்தோடு ஒப்பிட்டு மல்டிமீட்டரால் உறுதிசெய்ய வேண்டும். மல்டிமீட்டருக்குப் பதிலாக டெஸ்ட் லாம்ப் வைத்துச் சோதித்தால், அது கூடுதல் மின்சாரம் இழுத்து மின்னணுப் பெட்டிகளைக் கெடுக்கக்கூடும். மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் வயர்களைத் தொடவே கூடாது. பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு இணைக்க வேண்டும். வயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகிவிடும். ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டுவதே நிலைக்கும். இக்னிஷன் வயர்களில் மின்னோட்டம் அதிகம் என்பதால் தடித்த வயரும், மின்சாரம் எடுக்கும் இடத்தை ஒட்டியே ஃபியூஸும் தேவை. பானட் சுவிட்சைத் தவிர்க்கக் கூடாது. எஞ்சினில் கை வைத்திருக்கும்போது அது கிளம்பாமல் தடுப்பது அதுவே.

கியர் சிக்கல்

காரை நிறுத்தும்போது முதல் கியரிலோ ரிவர்ஸிலோ விடுவது நம் ஓட்டுநர்கள் பலரின் வழக்கம். சரிவில் அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் கியரில் நிற்கும் காருக்குத் தொலைவிலிருந்து செல்ஃப் அடித்தால் அது பாய்ந்து நகரும். எதிரே சுவரும் இருக்கலாம், குழந்தையும் இருக்கலாம். கிளட்ச் மிதித்தால்தான் கிளம்பும் கார்களில் கிளட்ச் சுவிட்சை நேரிணைப்பு செய்வது, இதற்கென்றே இருக்கும் காவலைக் களைவதாகும்.

மேனுவல் காருக்கென வடிவமைத்த கருவிகளில் வேறு ஒழுங்கு உண்டு: ஓட்டுநர் நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் ஓடும்போதே சாவியை எடுத்து இறங்குவார், கதவு மூடியபின் கருவி எஞ்சினை நிறுத்தும். பிறகு ஒரு கதவு திறந்தாலும் ரிமோட் தொடக்கம் ரத்தாகும். ஒரு கதவு சுவிட்ச் பழுதானாலும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அத்தகைய வசதி இல்லாத கருவியை மேனுவல் காரில் பொருத்தக் கூடாது.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 126-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இல்லையென்றால் எஞ்சின் நிறுத்தப்பட்டு, வண்டி தானாக நகராதபடி பிரேக் போடப்பட்டிருக்க வேண்டும். ஆகவே தெருவில் நிற்கும் காரை வீட்டுக்குள்ளிருந்து கிளப்பிவிடுவது விதிமீறல். கார்பன் மோனாக்சைடு சேரும் என்பதால் மூடிய ஷெட்டிலும் கூடாது. 2002 இந்திய மோட்டார் கட்டண விதிகள், புனேயிலுள்ள இந்திய வாகன ஆய்வுச் சங்கம் ஏற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி வகுத்தன.