ரூஸ்வெல்ட்டின் பி.பி.யும் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரும்

இரண்டாம் உலகப்போர் பாடத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மரணம் ஒரே வரியில் முடிந்துவிடும். 1945 ஏப்ரலில் இறந்தார், ட்ரூமன் பதவிக்கு வந்தார், அவ்வளவுதான். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அவர் எப்படி இறந்தார், அவருடைய டாக்டர்களுக்கு அன்று என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமல் இருந்தது என்று தேடிப் படித்தபோது, போரை விடவும் இந்தக் கதைதான் எனக்கு சுவாரசியமாகப் பட்டது. பக்கவாதம், மாரடைப்பு பற்றி இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிந்த பல விஷயங்கள் இதற்குப் பிறகுதான் உலகத்துக்கே தெரிய வந்தன.

1945 ஏப்ரல் 12. ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ரூஸ்வெல்ட் ஓய்வில் இருந்தார். எலிசபெத் ஷூமடாஃப் என்ற ஓவியர் அவரை வரைந்துகொண்டிருந்தார். மதியம் 1 மணி வாக்கில் தலையின் பின்பக்கம் பயங்கரமாக வலிக்கிறது என்று சொன்னவர், அப்படியே நினைவு இழந்தார். டாக்டர் ஹோவர்ட் ப்ரூன் வந்து ரத்த அழுத்தம் பார்த்தபோது 300/190 இருந்தது! பிற்பகல் 3.35 மணிக்கு உயிர் பிரிந்தது. மூளையில் ரத்தக்கசிவு என்று அறிவித்தார்கள். வயது 63. ஓவியம் பாதியிலேயே நின்றுவிட்டது.

அவருடைய தலைமை மருத்துவர் அட்மிரல் ராஸ் மெக்கின்டயர், இது யாருமே எதிர்பாராமல் வந்தது என்கிற மாதிரி பேசினார். இவர் காது, மூக்கு, தொண்டை நிபுணர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்பாராததா? ரூஸ்வெல்ட்டின் ரத்த அழுத்தக் கணக்கை டாக்டர் ப்ரூன் 1970-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். அந்த எண்களைப் பாருங்கள்:

1935: 136/78
1937: 162/98
1941: 188/105
1944 மார்ச்: 186/108

பத்து வருடமாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 1944 மார்ச்சில் இதய நிபுணரான ப்ரூன் முதல்முறையாக அவரைப் பரிசோதித்தபோது இதயம் வீங்கி, அதன் வேலைத்திறன் குறைந்து போயிருந்தது. டிஜிட்டாலிஸ் மருந்து கொடுத்தார், உப்பைக் குறைத்தார், சிகரெட்டைக் குறைக்கச் சொன்னார், ஓய்வு எடுக்கச் சொன்னார். அன்றைக்கு இருந்த கைவைத்தியம் ஏறக்குறைய அவ்வளவுதான். மக்களுக்கோ ஜனாதிபதி நலமாக இருக்கிறார் என்றே சொல்லப்பட்டது. அந்த வருடம் நவம்பரில் நான்காவது முறையாகத் தேர்தலிலும் ஜெயித்தார். தன்னை ஏன் அடிக்கடி பரிசோதிக்கிறார்கள், என்ன மருந்து தருகிறார்கள் என்று ரூஸ்வெல்ட் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை என்று ப்ரூன் எழுதியிருக்கிறார்.

டாக்டர்கள் அவ்வளவு அலட்சியமா என்று கோபம் வரும். ஆனால் முழுக்க அலட்சியம் என்று சொல்ல முடியாது. கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலியின் ரிவா ரோச்சி 1896-லேயே செய்துவிட்டார். ஸ்டெதஸ்கோப் வைத்து மேல் எண், கீழ் எண் இரண்டையும் கண்டுபிடிக்கும் முறையை ரஷ்யாவின் கொரோட்காஃப் 1905-ல் சொன்னார். அளக்கத் தெரிந்துவிட்டது. அளந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் தெரியவில்லை! வயதானால் ரத்தக் குழாய் விறைத்துப்போகும், அதன் வழியாக ரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடத்தான் வேண்டும், அது உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு என்று பெரிய பெரிய நிபுணர்களே நம்பினார்கள். உயர் ரத்த அழுத்தம் இருப்பவருக்குப் பெரிய ஆபத்து, அதை யாராவது கண்டுபிடிப்பதுதான். கண்டுபிடித்தால் ஏதாவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கப் பார்ப்பான் என்ற பொருளில் 1931-ல் லிவர்பூல் பேராசிரியர் ஜான் ஹே சொன்னார். இதைக் கவனித்துப் பயந்தவர்கள் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள்தான். அழுத்தம் அதிகம் உள்ளவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று அவர்களுடைய கணக்குப் புத்தகம் காட்டியது. பணம் போகிறதே!

உடலுக்குள் நடப்பது இதுதான். மூளையின் ஆழத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. பெரிய குழாயிலிருந்து நேராகப் பிரிவதால் அதன் அழுத்தத்தை நேரடியாக வாங்குகின்றன. வருடக்கணக்கில் அடி வாங்கி அவற்றின் சுவர் தடித்து, கெட்டு, பலம் இழக்கிறது. சில அடைத்துக்கொள்ளும், சில வெடிக்கும். இரண்டுமே பக்கவாதம்தான். இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலும் வலி இல்லை, ஜுரம் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை.

அறிகுறியே இல்லாத ஒன்றை எப்படிப் படிப்பது? நோய் வந்தவர்களை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தால் போதாது. நோய் வராதவர்களை, வருவதற்கு முன்பிருந்தே பார்க்க வேண்டும்.

ரூஸ்வெல்ட் இறந்து மூன்று வருடம் கழித்து, 1948 ஜூன் 16 அன்று ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேசிய இதய ஆய்வு நிலையம் பிறந்தது. அதே வருடம் பாஸ்டனுக்கு மேற்கே இருக்கும் ஃபிரேமிங்ஹாம் என்ற சிறிய ஊரில் ஒரு ஆய்வு ஆரம்பித்தது. 2,336 ஆண்கள், 2,873 பெண்கள், மொத்தம் 5,209 பேர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து உடம்பைக் காட்ட வேண்டும். ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். பிறகு காத்திருப்பார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்குப் பக்கவாதம் வருகிறது என்று பார்த்து, பழைய குறிப்புகளோடு ஒப்பிடுவார்கள். இவ்வளவுதான் ஆய்வு! கேட்க எளிது. ஆனால் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை அதை நடத்திய தாமஸ் டாபருக்கும் இருந்தது, அந்த ஊர்க்காரர்களுக்கும் இருந்தது.

பலன் மெதுவாக வந்தது. இன்று எல்லா டாக்டர்களும் சொல்லும் 'ரிஸ்க் ஃபேக்டர்' என்ற சொல் மருத்துவத்தில் பரவியதே 1961-ல் வில்லியம் கேனல் குழு வெளியிட்ட ஃபிரேமிங்ஹாம் கட்டுரைக்குப் பிறகுதான். ரத்த அழுத்தம் ஏற ஏற பக்கவாத ஆபத்தும் ஏறுகிறது என்று 1970-ல் காட்டினார்கள். வயதானால் மேல் எண் கூடுவது சகஜம், கீழ் எண்தான் முக்கியம் என்ற பழைய நம்பிக்கையும் உடைந்தது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு பக்கவாத ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 1978-ல் வந்தது.

ஒரு குறையும் உண்டு. அந்த 5,209 பேரும் ஏறக்குறைய எல்லோருமே வெள்ளையர்கள். மற்ற இனத்தவர்களுக்கென்று தனிக் குழு சேர்த்தது 1994-ல்தான்.

சரி, அழுத்தம் ஆபத்து என்று தெரிந்துவிட்டது. குறைத்தால் உயிர் பிழைக்குமா? அதற்கு வேறு சோதனை வேண்டும். எட்வர்ட் ஃப்ரைஸ் என்ற டாக்டர் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் அதை நடத்தினார். கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 1967-ல் வந்த முடிவு: வெறும் மாத்திரைக் குழுவில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு, மருந்துக் குழுவில் 2 பேருக்கு மட்டும்! 1970-ல், கீழ் எண் 90 முதல் 114 வரை இருந்த 380 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு வந்தது. வெறும் மாத்திரைக் குழுவில் 20 பேருக்குப் பக்கவாதம், மருந்துக் குழுவில் 5 பேருக்கு.

அந்த மருந்தில் மூன்று சரக்குகள். அதில் ஒன்று ரெசர்பின். அது எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்ட சர்ப்பகந்தி வேரிலிருந்து! பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அந்த வேரைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1949-ல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. ரூஸ்வெல்ட் உயிரோடு இருந்தபோதே இந்தச் செடி இந்தியக் காடுகளில் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

உலகத்திலேயே அதிக வசதி இருந்த நோயாளி ரூஸ்வெல்ட். பக்கத்திலேயே டாக்டர், கையில் கருவி, பத்து வருட எண்கள். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை, ஏனென்றால் அந்த எண்களுக்கு அன்று அர்த்தம் தெரியாது. இன்று அர்த்தம் தெரியும், மாத்திரையும் மலிவு. ஆனாலும் பக்கவாதம் வந்தால் "காலையில கூட நல்லாத்தானே பேசிட்டிருந்தார்" என்றுதான் சொல்கிறோம். பேசிக்கொண்டிருந்தது உண்மைதான். கடைசியாக அவருக்கு பி.பி. பார்த்தது எப்போது என்பதுதான் கேள்வி. நண்பர்களே, இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது அப்பா அம்மாவிடம் அந்த இரண்டு எண்களையும் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று பதில் வந்தால், அடுத்த வேலை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.