திருநாதர் குன்றும் அயோனா தீவும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சியை அணுகும்போது, அடுக்கிவைத்தாற்போன்ற கற்பாறைக் குன்றுகளைக் காண்கிறோம். செஞ்சிக்கு வடக்கிலுள்ள திருநாதர் குன்றின் பெரும்பாறையொன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என அறிவிக்கிறது. எழுத்தமைதி கொண்டு அறிஞர் இதனை ஏறத்தாழ 5 அல்லது 6ஆம் நூற்றாண்டினதாகக் கொள்வர்.

அதே காலப்பகுதியில், இந்நாட்டுச் செய்தி எதனையும் அறியாத மேற்குக் கடலோரங்களில், கெல்தியத் திருச்சபையின் துறவியரும் பாறைகளையும் தீவுகளையும் நாடினர். அயர்லாந்தைச் சேர்ந்த கொலும்பா 563இல் ஸ்காத்லாந்தின் அயோனா தீவுக்குச் சென்று மடம் நிறுவி, 597இல் அங்கேயே மரித்தார். அயர்லாந்துக்குத் தென்மேற்கே கடல்நடுவிலுள்ள ஸ்கெல்லிக் பாறையில், துறவியர் சாந்தின்றி அடுக்கிய தேன்கூட்டு வடிவக் கற்குடில்கள் இன்றும் நிற்கின்றன. வேல்ஸ் நாட்டிலோ, ஆலய வளாகத்தைக் குறிக்கும் 'லான்' என்னும் சொல்லோடு பரிசுத்தவான் ஒருவரின் பெயர் இணைந்து ஊர்ப்பெயராக வழங்குவது பெருவழக்கு. மனிதர் மறைந்தபின் மண்ணே அவர்களது பெயரைச் சுமக்கிறது.

இவ்வொற்றுமையைக் கண்டு இரண்டும் ஒன்றே எனக் கூறுவது பொருந்தாது. சந்திரநந்தி வினைகளறுக்கும் நெறியில் உடலைத் துறந்தார். கொலும்பாவோ கிறிஸ்துவுக்காகத் தாய்நாட்டைத் துறந்து, அயலாருக்கு நற்செய்தி அறிவித்தார். உடல் தேவனுடைய ஈவு என்றும், உயிர்த்தெழுதலுக்குரியது என்றும் நம்பும் நாம், உண்ணாநோன்பால் உயிர்விடுதலை நம் நெறியாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் இம்மை இன்பங்களே முடிவல்ல என்பதற்கு அப்பாறை அளிக்கும் சாட்சியை அவமதிப்பது நமக்குத் தகாது.

1853இல் அமைந்த ஆர்க்காடு மிஷனின் ஊழியத்தால் இப்பகுதியில் பல கிராமச் சபைகள் தோன்றின. அதற்கு முன் இம்மண் வெறும் இருளாகவே கிடந்தது எனப் பிரசங்கிப்பது சிலருக்கு எளிதாயிருக்கிறது. ஆனால் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் உள்ளது. தமிழ்ச் சமணர் நம் சபையாரின் அண்டைவீட்டாராக வாழ்கின்றனர். அவர்களுடைய முன்னோரின் தவத்தை அறியாமல் அவர்களோடு நாம் எவ்வாறு உரையாடுவோம்?

கொலும்பாவின் வரலாற்றை, அவருக்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப்பின் அயோனா மடத்துத் தலைவர் அதம்னான் எழுதி வைத்தார். சந்திரநந்திக்கு எஞ்சியிருப்பது பாறையில் ஒரு சில சொற்களே. கல்லுக்காகக் குன்றுகள் உடைக்கப்படும் இந்நாளில், அச்சொற்களும் பாதுகாப்பற்றவையே. இப்பகுதியில் ஊழியஞ்செய்யும் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் ஒருமுறையேனும் அக்குன்றில் ஏறி அக்கல்வெட்டைக் காண்பார்களாக. பிறருடைய பரிசுத்த நினைவைக் காக்க அறிந்த சபையே தன் சொந்தச் சாட்சிகளின் நினைவையும் காக்க வல்லதாகும்.