குயில் குன்றிலிருந்து வந்த பெயர்



எங்கள் செங்கோட்டையில் பிறந்து, நாடக மேடையில் தம் இசையால் தமிழகத்தையே ஈர்த்த கிட்டப்பாவின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எஸ். ஜி. கிட்டப்பா என்று எழுதுவர். முதல் எழுத்து செங்கோட்டையைக் குறிக்கும். இரண்டாம் எழுத்து அவர்தம் தந்தையார் கங்காதர ஐயரைக் குறிக்கும். ஊரும் தந்தையும் இரண்டு எழுத்துக்களில் அடங்கிவிட, மனிதருடைய சொந்தப் பெயர் தனித்து நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்துக்கள் மாறிவிடும். இதுவே தமிழர் பெயரிடும் முறை.

பிரிட்டன் நாட்டு வழக்கம் வேறு. அங்கே தந்தையின் இறுதிப் பெயர் மகனுக்கும், அவன் மகனுக்கும் மாறாமல் செல்லும். அதனைக் குடிப்பெயர் என்போம். தொடக்கத்தில் அவர்களுக்கும் இவ்வழக்கம் இல்லை. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னரே, நிலவுரிமையும் வரியும் ஏட்டில் ஏறத் தொடங்க, ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய வேண்டிய தேவை எழுந்தது. ஆகவே ஒருவரைத் தொழிலால் குறித்தனர். ஸ்மித் என்றால் கொல்லர். ஒருவரைத் தந்தையால் குறித்தனர். ஜான்சன் என்றால் ஜானின் மகன். மற்றொருவரை ஊரால் குறித்தனர். இடையன்குடியில் வாழ்ந்து, 1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயரின் குடிப்பெயர் குளிர்ந்த ஊற்று என்று பொருள்படும் ஊர்ப்பெயரே ஆகும். குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்த நமக்கு அப்பெயரின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இன்று நான் எடுத்துக்கொண்டது வேறொரு பெயர். அதனை நான் பல ஆண்டுகள் தவறாகக் கற்பித்தேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். தந்தையார் வேலை மாற்றலாகி இப்பக்கம் வந்திருந்தார். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் பென்னிகுயிக் என்று இருந்தது. வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அதனை அடக்கும் நோக்கத்துடன், “பென்னி என்பது ஆங்கிலேயரின் சிறு காசு, குயிக் என்றால் விரைவு” என்று என் ஆங்கில அறிவைக் காட்டி விளக்கினேன். சிரிப்பு அடங்கவில்லை, பெருகியது. அன்று முதல் பிள்ளைகள் அவனைக் ‘காசு’ என்றே அழைத்தனர்.

ஒரு வாரம் கழித்து அவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். “ஐயா, எங்கள் ஊரில் இந்தப் பெயருக்கு அப்படிப் பொருள் சொல்வதில்லை. தண்ணீர் தந்தவர் பெயர் என்று என் தாத்தா சொல்வார்” என்றான். அவன் குரலில் கோபமில்லை, வருத்தம் இருந்தது. ஆசிரியர் பயிற்சியின்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். நான் அதனை மறந்திருந்தேன். அன்று மாலையே நூல்களைத் தேடத் தொடங்கினேன்.

தேடிக் கண்டது இது. ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், வட எஸ்க் என்னும் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அதனைப் ‘பெனிகுக்’ என்று அவ்வூரார் ஒலிப்பர். அப்பெயர் ஆங்கிலச் சொல்லே அன்று. ஆங்கிலம் அங்கே பரவுமுன் வழங்கிய பழைய பிரித்தானிய மொழிக்கு உரியது. இன்றைய வேல்ஸ் மொழி அதன் உறவு. ‘பென்’ என்றால் தலை, குன்றின் உச்சி. ‘கோக்’ என்றால் குக்கூ என்று கூவும் பறவை. குயில் குன்று என்பதே அப்பெயரின் பொருள்.

நம் குயிலும் அவர்களுடைய குக்கூவும் ஒரே பறவை அல்ல. ஆயினும் ஒரே குடும்பத்தவை. இரண்டும் பிற பறவையின் கூட்டில் முட்டையிடும் இயல்புடையவை. நம்மவர் ‘குக்’ என்பதைக் ‘குயிக்’ என்று ஒலித்தபோது, அறியாமலே குயிலுக்கு அருகில் வந்துவிட்டனர். இது தற்செயல். ஒலி ஒத்திருப்பதால் இரு சொற்களுக்கும் உறவு உண்டென்று முடிவு செய்துவிடாதீர்கள். நான் செய்த தவறும் அதுவேயன்றோ?

சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. அப்பகுதியில் அப்பழைய மொழி பேசுவோர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. ஆனால் அம்மொழி இட்ட பெயர் மறையவில்லை. ஊர்ப்பெயர்கள் மொழியின் தொல்பொருள்கள். நம் ஊர்ப்பெயர்களில் வரலாறு உறைவதை ரா. பி. சேதுப்பிள்ளை ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலில் விரித்துரைத்தார். அதே கண்ணுடன் பிறநாட்டுப் பெயர்களையும் காணலாம்.

அவ்வூரின் நிலத்தை ஆண்ட குடியினர், ஊர்ப்பெயரையே தம் குடிப்பெயராகக் கொண்டனர். அந்நிலத்துக்கு விந்தையான ஒரு கடமை இருந்தது. எடின்பரோவை அடுத்த வெளியில் மன்னர் வேட்டைக்கு வரும்போது, நிலத்துக்கு உரியவர் ஒரு பாறையின்மேல் அமர்ந்து கொம்பு ஊத வேண்டும். கோயிலில் கொம்பு ஊதுவதற்கு மானியம் பெற்றவர்களை அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நிலம் கிளார்க் என்னும் வேறு குடியினர் கைக்குச் சென்றது. நிலம் கைமாறியது; பெயரோ பலருடன் வெளியே புறப்பட்டது. பெனிகுக், பென்னிகுக், பென்னிகுயிக் எனப் பலவாறு எழுதப்பட்டது. 1652ஆம் ஆண்டில் பிறந்த அலெக்சாண்டர் பெனிகுக் என்பவர் மருத்துவராகவும் கவிஞராகவும் விளங்கினார். பின்னர் அப்பெயர் படைவீரர் சீருடை அணிந்து இந்தியாவுக்கும் வந்தது.

1849ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள். இரண்டாம் சீக்கியப் போர். இன்று பாகிஸ்தானில் உள்ள சிலியன்வாலா என்னும் இடத்தில் ஆங்கிலப் படை பேரிழப்பை அடைந்தது. 24ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பிரிகேடியர் ஜான் பென்னிகுயிக் அங்கே மாண்டார். அவருடைய மகன் அலெக்சாண்டர், 17 வயது இளைஞன், தந்தையின் உடலைக் காத்து நின்று தானும் மாண்டான். மற்றொரு மகன் அப்போது சிறுவன். தந்தையின் பெயரே அவனுக்கும். 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பூனாவில் பிறந்தவன். இரண்டு நாள் கழிந்தால் அவனுக்கு 8 வயது நிறைய வேண்டும். அச்சிறுவனே பின்னாளில் சென்னை மாகாணத்துப் பொறியாளரான கர்னல் ஜான் பென்னிகுயிக்.

பெரியாறு, சிவகிரிக்கு மேற்கேயுள்ள மலைத்தொடரில் தோன்றி, மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலப்பது. அதனைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு முன்னரே இருந்தது. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதனை ஆராய்ந்தார். 1808ஆம் ஆண்டில் ஆய்வு செய்த கால்டுவெல் என்னும் படைத்தலைவர், அது நடவாத கற்பனை என்று எழுதினார். இவர் இடையன்குடிக் கால்டுவெல் அல்லர்; வேறொருவர். குடிப்பெயர் ஒன்றாயின் குடும்பமும் ஒன்று என்று எண்ணலாகாது என்பதற்கு இதுவே சான்று.

1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. எங்கள் செங்கோட்டையும் அந்நாளில் திருவிதாங்கூரின் பகுதியே. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாளில்தான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 1887இல் அணை வேலை தொடங்கியது. அடர்ந்த காடு; மலைக்காய்ச்சல்; கட்டியதை அடித்துச் செல்லும் வெள்ளம். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் அணை எழுந்தது. மலையைக் குடைந்து சுரங்கவழி அமைத்தனர். 1895ஆம் ஆண்டு அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். மேற்கே சென்ற நீர் கிழக்கே வந்தது.

வெள்ளத்தால் வேலை அழிந்தபோது, பென்னிகுயிக் இங்கிலாந்திலிருந்த தம் சொத்துக்களை விற்றுப் பணம் கொணர்ந்தார் என்று மக்கள் கூறுவர். இதற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் சுட்டியிருக்கின்றனர். மக்கள் நன்றியை நான் மதிக்கிறேன். எனினும் வரலாறு கற்கும் மாணவர், வழக்குச் செய்தியையும் சான்றுள்ள செய்தியையும் வேறு வேறாகவே குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வணை வேலையில் நோயால் மடிந்த தொழிலாளர் பலர். அவர்களுடைய பெயர்களை யாரும் குழந்தைகளுக்கு இடுவதில்லை. அதனையும் நினைவில் கொள்ளுங்கள்.

பென்னிகுயிக் பின்னர் தாயகம் திரும்பினார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றியும் ஆய்ந்து கருத்துரைத்தார். 1911ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊரில் காலமானார்.

1911 என்றவுடன் செங்கோட்டையார் உள்ளத்தில் வேறொரு நாள் எழும். அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள், எங்கள் ஊர் வாஞ்சிநாதன் மணியாச்சி நிலையத்தில் மாவட்ட ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார். ஆஷ் என்பதும் குடிப்பெயரே. மரம் ஒன்றின் பெயர். ஒரு மரத்தின் பெயரும் ஒரு குன்றின் பெயரும் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தன. இரண்டும் ஒரே பேரரசின் பணியில் வந்தவை. ஒன்று அடக்குமுறையின் அடையாளமாக நினைக்கப்படுகிறது. மற்றொன்று மண்டபத்திலும் பேருந்து நிலையத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. “வாஞ்சி பிறந்த ஊரில் ஓர் ஆங்கில அதிகாரியைப் போற்றலாமா?” என்று மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு. பேரரசு தன் வரி வருவாயையும் எண்ணியே அணை கட்டியது என்பது உண்மை. அந்நீரால் வறண்ட நிலம் விளைந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே சொல்வதே வரலாறு. வாஞ்சியை வணங்குகிற ஊரில் நின்றும் இதனைச் சொல்லலாம்.

பிரிட்டனில் தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்குச் சென்ற அப்பெயர், தேனிப் பக்கத்தில் உழவர் வீட்டுப் பிள்ளைகளின் சொந்தப் பெயராயிற்று. குடிப்பெயர் இல்லாத நம் மக்கள், ஒரு குடிப்பெயரை எடுத்து முதற்பெயராக்கிவிட்டனர். அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் பாலார்பட்டி முதலிய ஊர்களில் அவர் படத்தின் முன் பொங்கலிடுகின்றனர். 2013ஆம் ஆண்டில் லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. குன்றுக்கு உரிய பெயர் ஊருக்கும், ஊரிலிருந்து குடிக்கும், குடியிலிருந்து நம் பிள்ளைக்கும் வந்த வழி இதுவே.

அம்மாணவனின் கதையை முடிக்கவில்லை. பொருளை உறுதிசெய்து கொண்ட அடுத்த திங்கட்கிழமை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை அருகே அழைத்தேன். “நான் சொன்ன பொருள் தவறு. இவன் பெயருக்குக் குயில் குன்று என்று பொருள்” என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். பிள்ளைகள் இம்முறை சிரிக்கவில்லை. அவன் மட்டும் சிரித்தான். ‘காசு’ என்னும் பெயர் அன்றோடு போயிற்று. சில நாளில் நண்பர்கள் அவனைக் ‘குயில்’ என்று அழைக்கலாயினர். அவன் அதனை மறுக்கவில்லை.

உங்கள் வகுப்பிலும் பொருள் விளங்காத பெயருடைய ஒருவர் இருக்கக்கூடும். சிரிக்கும் முன் கேளுங்கள், கேட்டபின் தேடுங்கள்.