கொழும்பின் வீட்டுக் குளங்களும் அவற்றிலிருந்து வெளியேறிய உயிர்களும்

கொழும்பின் வீட்டு வளவுகளில் கட்டப்பட்ட மீன்குளங்களின் வரலாறு, அந்நகரின் நோய்த்தடுப்பு வரலாற்றோடும் அதன் கால்வாய்கள், சதுப்புநிலங்கள் ஆகியவற்றின் வரலாற்றோடும் சேர்த்தே எழுதப்பட வேண்டியதாகும். அழகுக்கெனக் கட்டிய சிறு குளம் மதிலுக்குள் அடங்கிய தனிச்சொத்தாகத் தோன்றினும், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் இத்தாழ்ந்த கரையோர நகரில், மழைக்காலத்தில் நிரம்பி வழியும் நீர் வடிகாலையும், வடிகால் கால்வாயையும், கால்வாய் சதுப்பையோ கடலையோ சென்று சேர்வதால், குளத்தில் இட்ட செடியும் மீனும் அதற்குள்ளேயே தங்கிவிடுவதில்லை. இலங்கையின் நன்னீர் நிலைகளைக் கடந்த நூற்றாண்டில் மாற்றியமைத்த அயல் உயிரினங்களுள் பல, அழகுக்காகவோ ஆய்வுக்காகவோ நுளம்பை ஒழிப்பதற்காகவோ நல்லெண்ணத்தோடு கொண்டுவரப்பட்டவையே.

நகரின் வடபகுதியிலுள்ள கொட்டாஞ்சேனை 19ஆம் நூற்றாண்டில் பெரிய வளவுகளும் கடற்காற்றும் வாய்ந்த செல்வர் குடியிருப்பாக இருந்தது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் முடிந்த அலைதடுப்புச் சுவர் கொழும்பைத் தீவின் தலைமைத் துறைமுகமாக்கியபோது, பண்டகசாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் அப்பகுதியை நெருக்கின. வசதி படைத்தோர் கறுவாத்தோட்டத்துக்குப் பெயர்ந்தனர். வளவுகள் துண்டாடப்பட்டுத் திறந்த வடிகால்களை ஒட்டிய வரிசை வீடுகளாயின. வெள்ளவத்தையின் போக்கு வேறாக அமைந்தது. 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகக் காங்கேசன்துறைக்குச் செல்லும் இருப்புப்பாதை நிறைவுற்ற பின், அரசாங்க உத்தியோகத்தை நாடி வந்த வடபுலத்துக் குடும்பங்கள் பல, காலப்போக்கில் நகரின் அத்தென்பகுதியைத் தமது இருப்பிடமாகக் கொண்டன. முற்றமும் பின்வளவும் கிணறும் உடைய வீட்டைப் பற்றிய ஊர் வழக்கு அவர்களோடு வந்தது. நுளம்புக் குடம்பிகளை, அதாவது நுளம்பின் முட்டையிலிருந்து வெளிவந்து நீருக்குள் வாழும் இளம் பருவத்தை, தின்னட்டும் என்று கிணற்றில் சிறு மீன்களை விடும் பழக்கமும் அவ்வழக்கின் பகுதியே.

குளம் கட்டும் முறையைக் கொழும்பின் நிலமே வகுத்தது. வெள்ளவத்தையின் கடலோர மணலில் வெறும் மண்குழி நீரைத் தாங்காது. நகரின் ஏனைய பகுதிகளில் காணப்படும் செம்புரைக்கல் நிலமும், துளைகள் மலிந்ததாகையால், நீரை விரைவில் உறிஞ்சிவிடும். எனவே செங்கல்லால் எழுப்பிச் சீமெந்து பூசிய தொட்டியே வீட்டுக் குளத்தின் வழக்கமான வடிவமாயிற்று. புதிய சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரைக் கடுங்காரமாக்கி மீனின் செவுள்களை அரிக்கும் என்பதால், மேசன் வேலை முடிந்தவுடன் மீன் விடப்படுவதில்லை. தொட்டியை நிரப்புவதும் வெளியேற்றுவதுமாகச் சில கிழமைகள் கழிய, இடையில் நறுக்கிய வாழைத்தண்டு நீரில் ஊறி அழுக விடப்பட்டது. நாட்டு வாதுமை எனவும் வழங்கும் கொட்டங்காய் மரத்தின் சருகும் இதற்குப் பயன்பட்டது. அதிலிருந்து கரையும் துவர்ப்புப் பொருள்கள் நீரின் காரத்தைத் தணிப்பவை. அல்லிக் கிழங்கு மண்சட்டியில் வயல்மண்ணிட்டு நடப்பட்டு, மண் கலங்காதபடி மேலே மணல் பரப்பி, சட்டியோடு அடியில் இறக்கப்பட்டது. 1986இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நீலோற்பலம் இவ்வாறு வளர்ப்பதற்கு மிகவும் ஏற்ற உள்நாட்டுச் செடி. அயற்செடியைத் தேடிச் செல்ல எக்காலத்திலும் தேவை இருந்ததில்லை என்பதற்கு அதுவே போதிய சான்று.

அக்குளங்களில் பெருகிய மீன் கப்பி. தென்னமெரிக்காவின் வடபகுதியையும் திரினிடாட் தீவையும் தாயகமாகக் கொண்ட இச்சிறு மீன், திரினிடாட்டிலிருந்து அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பிய கப்பி என்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. முட்டையிடாமல் குஞ்சுகளை ஈன்று, ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை பல்கிப் பெருகுவதாலும், பிராணவாயு குறைந்த அழுக்கு நீரிலும் உயிர் தாங்குவதாலும், நுளம்புக் கட்டுப்பாட்டுக்கு உகந்ததென உலகின் பல நாடுகளிலும் கருதப்பட்ட கப்பி, 1928இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளிலேயே, 1934–35இல், ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை உலுக்கியது. அந்நோயைப் பரப்பிய நுளம்பு, வறட்சியால் ஓட்டம் நின்ற ஆறுகளின் தேங்குகுட்டைகளில் பெருகியதேயன்றிக் கொழும்பின் வடிகால்களில் பெருகியதன்று. ஆயினும் தேங்கிய நீர் எதுவாயினும் அச்சத்துக்குரியது என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியது.

கொழும்பின் சொந்தக் கேடு யானைக்கால் நோய். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான பகுதிகளின் கழிவுநீர்க் குழிகளிலும் அடைபட்ட வடிகால்களிலும் முட்டையிடுவது. 1947இல் தொடங்கிய யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் எதிர்கொண்ட நோய்வகைகள் இரண்டு; ஒன்று கியூலெக்ஸ் பரப்பியது, மற்றது நீர்ச்செடி வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டியது. அதைப் பரப்பும் மன்சோனியா நுளம்பின் குடம்பி, மூச்சுவிடுவதற்காக நீர்ப்பரப்புக்கு வருவதில்லை. ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளின் வேரைத் தன் சுவாசக் குழலால் துளைத்து, வேரினுள் இருக்கும் காற்றையே பெறுகிறது. வேர்க்கற்றைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் அதனை மேற்பரப்பில் மேயும் கப்பி எளிதில் எட்டமுடியாது. எனவே மீன் விட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில், பச்சைப் பூப்போல் அழகாக மிதக்கும் ஆகாயத்தாமரையைப் பரவவிட்ட ஒரு குளம் அந்நோய்க்கு இடங்கொடுக்கக்கூடியதாக இருந்தது. அச்செடியைக் குளங்குட்டைகளிலிருந்து அகற்றிய பின்னரே, 1960களின் இறுதிக்குள், அவ்வகை நோய் பெரிதும் அடங்கியது. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது.

செடிகளின் கதையில் இதைவிடப் பெரிய இழப்புகளும் உண்டு. ஊதாநிறப் பூவும் காற்றடைத்த காம்பும் கொண்ட ஆற்றுவாழை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுச் செடியாக இலங்கைக்கு வந்தது; அதைக் கட்டுப்படுத்துவதற்கென்றே 1909இல் தனியொரு கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டிய அளவுக்குச் சில ஆண்டுகளிலேயே அது நீர்வழிகளை அடைத்தது. இப்பாடம் கண்முன் இருந்தும், 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குச் சல்வீனியா என்னும் மிதக்கும் பன்னம் கொண்டுவரப்பட்டது. பூவும் விதையும் இன்றி, ஒடிந்த துண்டொவ்வொன்றும் புதுச் செடியாகும் இயல்புடைய அது தப்பி வெளியேறி, 1950களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 22,000 ஏக்கர் வயல்களிலும் 2,000 ஏக்கர் நீர்வழிகளிலும் படர்ந்தது. இரசாயனம் தெளித்தும் கையால் வாரியும் அதனை வெல்ல முடியவில்லை. அது தனியோர் இனம் என்பது 1972இல்தான் தெளிவாயிற்று; அதுவரை வேறோர் இனமாகக் கருதப்பட்டதால், அதற்கென வேறிடங்களில் தேடப்பட்ட பூச்சிகளும் பொருந்தாதவையாயின. பின்னர் அதன் உரிய தாயகம் பிரேசில் என அறியப்பட்டபின் அங்கு கண்டெடுக்கப்பட்டு, அவுஸ்திரேலியாவில் வெற்றிகண்ட ஒரு கூன்வண்டு 1986இல் இலங்கையில் விடப்பட்டபோதே பல இடங்களில் அப்படர்ச்சி உடைந்தது. ஒரு கல்வி நிறுவனத்தின் தொட்டியிலிருந்து தப்பிய சிறு செடிக்கு நாட்டின் உழவர்கள் அரை நூற்றாண்டு காலம் விலை கொடுத்தனர் என்பது மிகையன்று.

உயிரினங்கள் வந்த பாதையிலேயே இலங்கையின் சொந்த உயிரினங்கள் வெளியே சென்றன. களனி முதல் நில்வளா வரையிலான ஆற்றுப்படுகைகளின் நிழலார்ந்த ஓடைகளில் வாழும் செந்நிறக் கெண்டையினத்தை, பிற்காலத்தில் கொழும்பு அரும்பொருளகத்தின் பணிப்பாளரான பி. ஈ. பி. தெரணியகல 1929இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். 1930களின் நடுப்பகுதிக்குள் அது ஐரோப்பியரின் கண்ணாடித் தொட்டிகளை அடைந்துவிட்டது. நீர்ச்செடிகளுள் கிரிப்ரோகொரைன் என்னும் பேரினத்தின் இலங்கைக்கே உரிய இனங்கள் பல இவ்வாறே உலகெங்கும் மீன்தொட்டிகளின் அடித்தளச் செடிகளாயின. இவ்வணிகத்தோடு வெள்ளவத்தைக்கு அயலிலுள்ள தெகிவளைக்கு நெருங்கிய தொடர்புண்டு. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரைச் சேர்ந்த விலங்கு வணிகர் குடும்பத்தவரான ஜோன் ஹாகன்பெக் அங்கு அமைத்த விலங்குத் தோட்டத்தை 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. பின்னர் அங்கு அமைந்த மீன்காட்சியகம் நகரத்தாருக்குப் பல நாட்டு மீன்களைக் காட்டியது. அங்கு பணியாற்றியவரும், கடலடி ஆய்விலும் தேர்ந்தவருமான றொட்னி ஜொங்கிளாஸ் அலங்கார மீன் ஏற்றுமதியின் முன்னோடிகளுள் ஒருவர். பிராணவாயு நிரப்பிய பொலித்தீன் பையும் விமானப் போக்குவரத்தும் கைகூடியபின், பின்வளவுச் சீமெந்துத் தொட்டிகளில் வளர்த்த மீனும் ஏற்றுமதிப் பொருளாயிற்று. நுளம்புக்கு எதிராக வந்த கப்பியின் வண்ண வகைகளே பிற்காலத்தில் இலங்கையின் நன்னீர் அலங்கார மீன் ஏற்றுமதியில் முதலிடம் பெற்றன.

1980களுக்குப் பின் உள்நாட்டுப் போரினால் இடம்பெயர்ந்தோரின் வருகையும் நிலவிலையின் ஏற்றமும் சேர்ந்து வெள்ளவத்தையின் வளவுகளை அடுக்குமாடிகளாக மாற்றின. குளம் வெட்ட நிலமில்லாத வீடுகளில் கண்ணாடித் தொட்டியே எஞ்சியது. எஞ்சிய முற்றங்களிலும் டெங்கு நோயின் அச்சம் குளத்தைக் குற்றப்பொருளாக்கியது. அந்நோயைப் பரப்பும் ஈடிசு நுளம்பு தெளிந்த நீரின் சிறு தேக்கங்களை நாடுவது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம், தத்தம் வளவில் நுளம்பு பெருகாது காக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மீதே சுமத்தியது. 186,101 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவான 2017ஆம் ஆண்டுக்குப் பின் பரிசோதகரின் வருகைக்கு அஞ்சித் தொட்டியை மண்ணிட்டு மூடுவது புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும், மீன்கள் நிறைந்து பராமரிக்கப்படும் குளத்தைக் காட்டிலும், கவனிப்பாரற்ற பூச்சாடித் தட்டும் அடைபட்ட பீலியும் எறிந்த ரயரும் ஈடிசுக்கு உவந்தவை. இவ்வேறுபாட்டை நோய்த்தடுப்புப் பரப்புரைகள் இன்னும் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும்.

மூடுவதைவிடக் கேடானது, வேண்டாத மீனைக் கால்வாயில் விடுவது. தொட்டிச் சுவரின் பாசியைத் தின்னட்டும் என வாங்கப்பட்டுப் பெரிதாக வளர்ந்தபின் கைவிடப்படும், உறிஞ்சும் வாயுடைய தென்னமெரிக்கக் கெளிற்றினமும், அலங்கார மீன் வணிகத்தின் வழியே வந்து பொல்கொட வாவியில் நிலைகொண்ட கத்திமீனும் உள்நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பறிப்பவை. 1992 யூன் மாதப் பெருமழையில் கொழும்பின் பெரும்பகுதி மூழ்கியதைப் போன்ற வெள்ளங்களில், எவரும் கொண்டுபோய் விடாமலே தொட்டி மீன்கள் வெளியேறவும் கூடும்.

2018இல் உலகின் முதல் ஈரநில நகரங்களுள் ஒன்றாக ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு ஏற்கப்பட்டது. அந்நகரில் இனிக் குளம் அமைப்போர், நிரம்பி வழியும் வாய்க்கு நுண்ணிய வலையிட்டு, நீலோற்பலத்தையும் உள்நாட்டு நீர்ச்செடிகளையும் நட்டு, களையும் செடியை வடிகாலில் வீசாது வெயிலில் உலர்த்தி எருவாக்கி, வளர்க்க இயலாத மீனை விற்றவரிடமோ வேறொரு வளர்ப்பவரிடமோ ஒப்படைப்பார்களாக.